கப்பல் செய்கிற அக்காவிடம் கதை இல்லை

ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குப் போகிற வீதியில் நான் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்த காலத்தில், அடிக்கடி யாராவது வந்து வாசலில் நின்று, "கப்பல் செய்யிற அக்கான்ரை வீடு எது?" என்று கேட்பார்கள். கமராவைத் தோளில் மாட்டியவர்கள், கனடாவிலிருந்து லீவில் வந்து அரைக் காற்சட்டையோடு திரிகிறவர்கள், பல்கலைக்கழகப் பிள்ளைகள், கதவில் ஏதோ அமைப்பின் பெயர் எழுதிய வாகனத்தில் வந்து இறங்குகிறவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. நான் வெளியே வந்து கையை நீட்டிக் காட்டுவேன். மாதா சொரூபத்தைத் தாண்டி இரண்டாவது ஒழுங்கை, நீலக் கேற்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவார்கள். கலியாண வீட்டுக்குப் போய், சாப்பாடு முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பியவர்களின் முகம் இருக்கும். பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக்கொண்டு என் வாசல் நிழலில் நின்று, "எல்லாத்தையும் காட்டினா, தேத்தண்ணியும் தந்தா. ஆனா ஒண்டும் சொல்லேல்லை" என்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரும். அக்கா நிறையச் சொல்லியிருப்பார். எந்தக் கயிற்றை இழுத்தால் எந்தப் பாய் திரும்பும், தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்றுக்குப் பாயை எப்படிச் சரிக்க வேண்டும், வாடைக்கு எப்படி, என்றெல்லாம் மூச்சு விடாமல் சொல்லியிருப்பார். இவர்கள் கேட்க வந்தது அதை இல்லை. இவர்கள் கேட்க வந்தது அண்ணனைப் பற்றி.

அக்காவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். சண்டைக் காலத்தில் ஒருநாள் இந்தியாவுக்கென்று படகு ஏறினார். அந்தப் படகு போய்ச் சேரவுமில்லை, திரும்பி வரவுமில்லை. இது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்தத் தங்கை இப்போது தனி வீட்டில் இருந்துகொண்டு சின்னச் சின்னப் பாய்க்கப்பல்கள் செய்கிறார். இரண்டையும் கேள்விப்பட்ட எந்த மனிதராலும் முடிச்சுப் போடாமல் இருக்க முடியாது. கடலில் போன அண்ணன், கப்பல் செய்யும் தங்கை. கண் கலங்குவதற்கு வேறென்ன வேண்டும்?

அக்கா அந்த முடிச்சைப் போட விடமாட்டார். ஏன் கப்பல் செய்கிறீர்கள் என்றால், "எனக்கு விருப்பம்" என்பார். அது சரி, ஏன் குறிப்பாகக் கப்பல் என்றால், "கப்பல்தான் விருப்பம்" என்பார். அதற்கு மேலும் போனால், "தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ?" என்று கேட்டுவிட்டு எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

அவர் ஆசுப்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர். சின்னச் சாளரத்துக்குப் பின்னால் கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டுக்கொண்டு நிற்பார். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்த ஆள், வேகமான விரல்கள். ஒரு உறையில் ஒரு மருந்துதான் போடுவார். உறைகள் தட்டுப்பாடான நாட்களிலும் பழைய கலண்டர் தாளை மடித்து இன்னொரு உறை செய்வாரே தவிர, இரண்டு மருந்தை ஒன்றாகப் போட்டதில்லை. புங்குடுதீவிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார்.

"பிள்ளை, எல்லாத்தையும் ஒண்டுக்குள்ளை போட்டுத் தா. பஸ் போகப்போகுது. எப்பிடியும் ஒரே வயித்துக்குள்ளதானே போகுது?"

"வயித்துக்குள்ளை போய்ச் சந்திக்கட்டும் அப்பு. உறைக்குள்ளை வேண்டாம்" என்றார் அக்கா. பஸ் போய்விட்டது. பெரியவரின் ஏச்சை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவருக்கு ஓட்டோவும் பிடித்துக் கொடுத்தார்.

வீட்டிலும் அதே கதைதான். மீனுக்கு ஒரு கத்தி, மரக்கறிக்கு ஒரு கத்தி என்பது எல்லா வீட்டிலும் உள்ளது. அக்காவிடம் நூலுக்கு ஒரு கத்தரிக்கோல், துணிக்கு ஒரு கத்தரிக்கோல், தாளுக்கு ஒரு கத்தரிக்கோல் இருந்தன. நான் ஒருமுறை தாள் வெட்டுவதற்கு நூல் கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கி, துடைத்து, அதன் இடத்தில் வைத்துவிட்டு மற்றதைத் தந்தார். ஏச்சு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது வரைபடங்களால். பழைய கப்பல்களின் வரைபடங்களை இணையத்தில் தேடிப் பிடித்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு வருவார். பெரிய படம், என்னிடமிருந்தது சின்னத் தாளில் அடிக்கிற இயந்திரம். துண்டு துண்டாக அடித்து, நிலத்தில் பரப்பி, இருவரும் முழங்காலில் இருந்து ஒட்டுவோம். முதல் தடவை இயந்திரம் தன் பாட்டில் படத்தைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டது. இரண்டு கிழமை கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் கப்பலின் விலாச் சட்டங்கள் எல்லாவற்றையும் பூவரசம் பலகையில் வெட்டி முடித்திருந்தார்.

"தம்பி, உம்மடை மிசின் கப்பலைப் பட்டினி போட்டிட்டுது" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளையும் என் முன்னாலேயே அடிமட்டம் வைத்துப் பார்த்துத்தான் எடுத்துப் போவார். அந்தப் பட்டினிக் கப்பலையும் எறியவில்லை. அது மெலிந்தபடியே செய்து முடிக்கப்பட்டு, குசினி யன்னலில் நின்றது.

அவருடைய சாமான்கள் எல்லாம் ஊருக்குள் கிடைக்கிறவைதான். தளத்துக்கு ஐஸ்பழக் குச்சி. பாய்மரத்துக்குப் பனைமரச் சிலாகையைச் சீவிச் சீவி மெல்லிய தடியாக்குவார். பழைய வேட்டியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பாய் தைப்பார். நூலைத் தேன்மெழுகில் உருவிக் கயிறாக்குவார். முடிச்சுப் போடுவதற்கு, முள் எடுக்கிற சாமணம். மாத்திரை எண்ணுகிற அதே விரல்கள், அந்தச் சாமணத்தைப் பிடித்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் பத்திரமாக மூச்சு விடவேண்டும். மேசைக்குக் கிட்ட நின்று தும்மியதற்காக ஒரு வங்கி முகாமையாளர் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்.

ஒருநாள் உளவள ஆலோசகர் ஒருவர் வந்தார். நல்ல மனுசி, மெல்லிய குரல். நானும் அன்றைக்குத் தாள்களோடு அங்கே போயிருந்தேன்.

"இதைச் செய்யேக்கை உங்கடை மனப்பாரம் கொஞ்சம் குறையிற மாதிரி இருக்கோ அக்கா?"

"கூடும்" என்றார் அக்கா. "நேற்றுக் கயிறு ஓடுற கப்பி ஒண்டு உருண்டு அலுமாரிக்குக் கீழை போயிட்டுது. கடுகளவு சாமான். இன்னும் எடுக்கேலாமல் கிடக்கு."

ஆலோசகர் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள முயன்றார். பிறகு அவரும் நிலத்தில் குனிந்து கப்பியைத் தேடினார். கிடைத்தது அவருக்குத்தான். அக்கா அவருக்கு இரண்டாவது தேத்தண்ணி ஊற்றினார். அது எல்லாருக்கும் கிடைக்கிற மரியாதை இல்லை.

அண்ணனைப் பற்றி என்னிடம் அவர் பேசியது ஒருமுறைதான், அதுவும் நான் கேட்காமல். பசைப் போத்தலைத் திறந்தபோது மணம் அடித்தது. நான் மூக்கைப் பொத்தினேன். அக்கா சிரித்துவிட்டார்.

"அண்ணையும் உப்பிடித்தான். நான் பள்ளிக்கூடம் போற காலத்திலயிருந்தே கப்பல் செய்யிறனான் தம்பி. அவருக்கு இந்த மணம் கண்ணிலை காட்டக்கூடாது. ஒருக்காக் கப்பலோடை என்னையும் தூக்கி வெளி முற்றத்திலை வைச்சிட்டார். கடலும் அவருக்கு ஒத்துவராது. எழுவைதீவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போகேக்கை வழி முழுக்கச் சத்தி. அப்பிடிப்பட்ட மனுசன்ரை ஞாபகத்துக்குக் கப்பல் செய்தால், மேலையிருந்து ஏசமாட்டாரே?"

சொல்லிவிட்டுப் பசையைத் தடவினார். 

இதை வைத்து, அக்கா கல் மனசுக்காரி என்று யாராவது நினைத்தால் அவர்கள் நவம்பர் மாதத்தில் சேமக்காலைக்குப் போயிருக்க வேண்டும். மரித்த ஆன்மாக்களின் நாளில் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் அங்கே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி நிற்பார்கள். நான் பாட்டுத் தாள்களை அச்சடித்துக் கொடுக்கப் போயிருந்தேன். கல்லறை இல்லாதவர்களுக்காக நடுவில் நிற்கிற பெரிய சிலுவையடியில் அக்கா இருந்தார். எள்ளுப்பாகு உருண்டைகளை ஒரு தட்டில் வைத்து மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அண்ணனுக்கு அது பிடிக்குமாம். பிறகு சிலுவையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முக்காட்டுக்குள் விசும்புகிற அழுகை இல்லை. "என்ரை அண்ணை, எங்கையண்ணை போனனி" என்று வாய்விட்டு, சுற்றி நிற்பவர்களைப் பற்றிய எண்ணமே இல்லாமல் அழுதார். நான் தாள்களை ஒரு பெடியனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர் கடை வாசலில் நின்றார், பென் டிரைவோடு. கண் இன்னும் வீங்கியிருந்தது. 

"நேற்று வடிவாய் அழுதனான் தம்பி" என்றார், குளித்தனான் என்று சொல்வதுபோல. "இண்டைக்குச் சுக்கான் செய்யவேணும். இதை அடிச்சுத் தாரும். சுருக்காமல்."

அந்தச் சுக்கான் பெரிய கப்பலுக்கு. மூன்று பாய்மரக் கப்பல், ஒரு ஆள் கை விரித்த நீளம். வருடக் கணக்காக அதோடு இருந்தார். அவர் கப்பல் செய்கிற அறை முந்தி சாமான் அறையாக இருந்தது. தகரம் தலையில் முட்டுகிற உயரம். பாய்மரங்களின் உச்சித் துண்டுகளை ஏற்றினால் கூரையில் இடிக்கும். ஆகவே அந்தக் கப்பல் உச்சிப் பாய்கள் இல்லாமல், தொப்பி கழற்றிய ஆள் மாதிரி நின்றது. அது மட்டுமில்லை. அறையும் ஒடுக்கம். மேசைக்கும் சுவருக்கும் இடையில் அக்கா நின்றால், திரும்புவதற்கே யோசிக்க வேண்டும்.

"கப்பல் கிட்ட நிண்டு பாக்கிற சாமான் இல்லைத் தம்பி. தூரத்திலை நிண்டு பாக்கவேணும். எல்லாப் பாயையும் ஏத்திப்போட்டு, தூரத்திலை நிண்டு ஒருக்காப் பாக்கவேணும்" என்று அடிக்கடி சொல்வார். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

முற்றத்தில் வைத்துப் பார்க்கலாமே என்றேன். சோளகம் பெயர்ந்தால் நூல் அறுந்துவிடும், வாடைக்கு மழை, இரண்டுக்கும் இடையில் காகம் என்றார்.

அப்படியிருக்கத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தப் பிள்ளை வந்தாள். ஒரு அமைப்பில் வேலை செய்கிறவள், இருபத்தைந்து வயதிருக்கும், உண்மையாகவே அன்பான பிள்ளை. நகரத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்கிறார்களாம். எங்கள் சனங்கள் பத்திரமாக வைத்திருக்கிற பொருட்கள் எல்லாம் வருமாம். அன்ரியின் பெரிய கப்பலும் வரவேண்டுமாம்.

அக்கா ஒரு கேள்விதான் கேட்டார். "மண்டபத்தின்ரை கூரை எவ்வளவு உயரம்?"

"பெரிய மண்டபம் அன்ரி. ரெண்டு மாடி உயரம் வரும்."

அன்று பின்னேரம் அக்கா என் கடைக்கு வந்து, கதிரையில் இருக்காமலே சொன்னார்: "பின்னாலை போய்ப் போய், சுவர் முட்டுமட்டும் போய் நிண்டு பாக்கலாம் தம்பி."

கொண்டுபோன நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு சின்னப் பட்டா லொறி பிடித்தோம். உச்சித் துண்டுகளைத் தனியாகச் சுற்றி, கப்பலை நாலு பழைய சேலைக்குள் பொதிந்து, பின்பெட்டியில் மெத்தை போட்டு வைத்தோம். அக்கா அதைக் கட்டிப் பிடித்தபடி பின்னாலேயே ஏறி இருந்துகொண்டார். யாழ்ப்பாணத்துக்குள் நுழைகிற பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், சோளகம் பிடித்துத் தள்ளுகிறது. "மெல்லமா! மெல்லமா!" என்று பின்னாலிருந்து தகரத்தில் தட்டுகிறார். பஸ்காரர்கள் எல்லாம் கோர்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். காற்றுக்குப் பயந்த பாய்க்கப்பலை உலகத்திலேயே நாங்கள்தான் ஏற்றிப் போயிருப்போம் என்று நான் சொன்னேன். அக்கா அதற்குச் சிரிக்கிற நிலையில் இல்லை.

மண்டபத்தில் ஒரு மூலையில் மேசை தந்தார்கள். மற்ற மேசைகள் இன்னும் வெறுமையாகக் கிடந்தன. பின்னேரம் முழுவதும் அங்கே நின்று உச்சித் துண்டுகளை ஏற்றி, கயிறுகளைக் கட்டி, பாய்களை விரித்தார். முடிக்கும்போது இருண்டுவிட்டது. மண்டபத்தில் பாதி விளக்கு எரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

"இந்த வெளிச்சத்திலை பாக்கக்கூடாது. நாளைக்கு வடிவாய்ப் பாப்பம்" என்று, கப்பலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

மறுநாள் கோயிலுக்கு உடுக்கிற சேலையில் வந்தார். நாங்கள் போகும்போது சனம் கூடிவிட்டது. மண்டபத்துக்குள் நுழைந்ததும் அக்கா கப்பல் பக்கமே பார்க்காமல், நேரே மற்றப் பக்கச் சுவர் வரைக்கும் நடந்துபோய், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

கப்பலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நல்ல கூட்டம், கப்பலின் உடல் தெரியவில்லை. ஆனால் எல்லாருடைய தலையும் குனிந்திருந்தது. மேசையில் வைத்த ஒரு அட்டையை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசித்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவர்களின் தலைக்கு மேலே உச்சிப் பாய் மூன்றும் வெளிச்சத்தில் நின்றன. ஒருவரும் நிமிரவில்லை.

நான் போய் வாசித்தேன். 'கடலோடு போன அண்ணனுக்காக ஒரு தங்கை கட்டும் கப்பல். அவர் வரும்வரை இவர் கட்டிக்கொண்டேயிருப்பார்.' நல்ல தமிழ், நல்ல எழுத்துரு. உண்மை தெரிந்த நானே இரண்டாம் முறையும் வாசித்தேன்.

அக்காவும் வந்து வாசித்தார். சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் எங்களுக்கு மண்டபம் முழுவதும் விளங்கியது. அடுத்த மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு இளநீலச் சேட்டு. அதற்கு அங்காலே ஒரு சைக்கிள். ஒரு பள்ளிக்கூடப் புத்தகப் பை. எல்லாம் காணாமற்போனவர்களின் பொருட்கள். ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் அவர்களின் வீட்டு ஆள் ஒருவர் கதிரையில் இருந்தார். அந்தப் பிள்ளை எங்களை ஏமாற்றவில்லை. கப்பலும் அந்த வரிசைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்திருக்கவில்லை. அக்கா கூரை உயரத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவுமில்லை.

அவள் ஓடி வந்தாள். "அன்ரி, வந்திட்டியளா! ஆக்கள் எல்லாம் உங்கடை கப்பலிலைதான் நிக்கினம்."

"பிள்ளை, இதை எடுத்துவிடும்" என்றார் அக்கா, அட்டையைக் காட்டி. குரலில் கோபம் இல்லை.

"ஏன் அன்ரி? எழுத்துப் பிழையோ?"

"எழுத்துச் சரி. விஷயம் சரியில்லை. நான் அண்ணைக்காகச் செய்யேல்லை. எனக்கு விருப்பம் எண்டு செய்தனான்."

அந்தப் பிள்ளை அட்டையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "அது இல்லையெண்டால் இதை இஞ்சை வைக்கேலாது அன்ரி. கண்காட்சியே அதுக்குத்தானே. பிரதம விருந்தினர் வரப்போறார். நீங்கள் ஒண்டும் பேசத் தேவையில்லை. அந்த வசனம் மட்டும் இருக்கட்டும்."

அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, நான் அண்ணைக்கு அழுறது உண்மை. கப்பல் எனக்கு விருப்பம் எண்டதும் உண்மை. ரெண்டு உண்மை இருக்கேக்கை இடையிலை என்னத்துக்கு ஒரு பொய்? இஞ்சை இருக்கிறவையின்ரை துக்கத்துக்குப் பக்கத்திலை நான் இதை வைச்சுக்கொண்டு இருக்கேலாது. அது அவைக்கும் மரியாதை இல்லை, அண்ணைக்கும் மரியாதை இல்லை. நீர் உம்மடை அலுவலைப் பாரும். நான் கழட்டுறன்."

வாசலில் மேளச் சத்தம் கேட்டது. பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். சனமும் வாசல் பக்கம் போய்விட்டது. மாலை போட்டார்கள், விளக்கு ஏற்றினார்கள், மைக்கில் பேச்சுத் தொடங்கியது. அக்கா கைப்பையிலிருந்து சாமணத்தை எடுத்து, முன் பாய்மரத்தின் உச்சிப் பாயை இறக்கத் தொடங்கினார்.  ஒருமுறை, ஒரே ஒருமுறை தூரத்தில் நின்று பார்க்கத்தானே அந்த மனுசி ஆசைப்பட்டது. அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போது, அடுத்த மேசையில் நீலச் சேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கதிரையை விட்டு எழும்பி வந்தார். அறுபது தாண்டியவர், நெற்றியில் திருநீறு. மகனுடைய சேட்டு அது. அவர் கொஞ்ச நேரம் அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னத்துக்குப் பிள்ளை இந்தக் கயிறு?" என்றார்.

அக்காவின் கை நின்றது. எத்தனையோ பேர் அந்த நீலக் கேற்றைத் திறந்து வந்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியோடு ஒருவரும் வந்ததில்லை.

"இது உச்சிப் பாயை ஏத்தி இறக்கிற கயிறு அம்மா."

"இழுத்தால் உண்மையா ஏறுமோ?"

"இழுத்துப் பாருங்கோ."

அம்மா விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, நூலைப் பிடித்து மெல்ல இழுத்தார். கடுகளவு கப்பி உருண்டது. இறங்கியிருந்த பாய் விரிந்துகொண்டு மேலே போனது.

"அட!" என்றார். இறக்கினார். திரும்பவும் ஏற்றினார். "அட, போகுது பார்!" பல் தெரியச் சிரித்தார். உடனே யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "விடியலிலயிருந்து எல்லாரும் என்ரை மோனைப் பற்றித்தான் கேக்கினம். அவனைப் பற்றி நான் சாகுமட்டும் சொல்லுவன் பிள்ளை. அது வேறை. ஆனா வேறை ஒண்டைப் பற்றியும் என்னோடை ஒருத்தரும் கதைக்கினமில்லை. எத்தினையோ வருசமாக் கதைக்கினமில்லை. நீ இந்தக் கயிறைப் பற்றிச் சொல்லு."

அக்கா சொன்னார். முன்கயிறு, பின்கயிறு, பாயைத் திருப்புகிற கயிறு, காற்று மாறினால் எதை முதலில் தளர்த்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா இடையில் இடையில் கேள்வி கேட்டார். மைக்கில் யாரோ துயரம் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்த மூலையில் இரண்டு பேரும் ஒரு கப்பிக்காக வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அண்ணனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

கடைசியில் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நானே இதைத் தூரத்திலை நிண்டு இன்னும் பாக்கேல்லை அம்மா."

"அதுக்கென்ன? நான் கயிறைப் பிடிச்சிருக்கிறன். நீ போய்ப் பார்."

அக்கா போனார். இடையில் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் பேச்சுக்குப் போய்விட்டார்கள். பின்பக்கமாகவே நடந்து, சுவர் முதுகில் முட்டும்வரை போய் நின்றார். அந்த அம்மா நூலை இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றார். மூன்று பாய்மரமும் எல்லாப் பாய்களோடும் நின்றன. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். தலையைச் சரித்துப் பார்த்தார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோசமான ஒரு முகத்தை நான் அதற்கு முதல் எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு திரும்பி வந்து, "நடுப் பாய்மரம் கொஞ்சம் பின்னுக்குச் சரிஞ்சு கிடக்கு" என்றார். பேச்சுகள் முடிவதற்குள் கழற்றிச் சேலையில் பொதிந்துவிட்டோம். அந்த அம்மா முடிச்சுகளைப் பிடித்துத் தந்தார். பிறகு போய்த் தன் மகனின் சேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். விருந்தினர் வந்து குனிந்து கேட்க, அவர் அழுதழுது சொல்லத் தொடங்கினார்.

இப்போது நான் யாழ்ப்பாணத்தில் வேறு வேலையில் இருக்கிறேன். கடை இல்லை. கடையை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கமராவோடு ஒருவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, வழமையான முகத்தோடு திரும்பி வந்தார். ஆனால் இந்தத் தடவை புதுக் கேள்வி ஒன்று வைத்திருந்தார்.

"அங்கை இன்னொரு அம்மாவும் இருக்கிறா. திருநீறு பூசினவ. யன்னலடியிலை இருந்து சின்னத் துணி தைச்சுக்கொண்டு இருக்கிறா. சனிக்கிழமையளிலை மண்கும்பானிலயிருந்து பஸ்ஸிலை வாறவவாம். அவவுக்கு என்ன கதை?"

"நீங்கள் அவவிட்டையே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டனான். ஏனம்மா உதைத் தைக்கிறியள் எண்டு கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

அவர் சோடாவை வைத்துவிட்டுக் கையை விரித்தார்.

"விருப்பமாம்."